திருமயிலை பறக்கும் தொடருந்து நிலையம்

திருமயிலை தொடருந்து நிலையம் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில், மயிலாப்பூர் பகுதியின் லஸ் சந்திப்பை ஒட்டி அமைந்துள்ள உயர்த்தப்பட்ட புறநகர்த் தொடருந்து நிலையம் ஆகும். மக்கள் வழக்கில் "பறக்கும் ரயில்" எனப்படும் சென்னை கடற்கரை – வேளச்சேரி தடத்தில் இது ஒரு முக்கிய நிறுத்தம். 1997 அக்டோபர் 19 அன்று திறக்கப்பட்ட இந்நிலையம், 2004 வரை அத்தடத்தின் தெற்கு முனையமாக இருந்தது. தெற்கு இரயில்வேயின் சென்னைக் கோட்டம் இதனை இயக்கி வந்துள்ளது.

நிலையமும் அதன் இருபுறமும் செல்லும் பாதையும் பக்கிங்காம் கால்வாயின் போக்கைப் பின்பற்றிக் கட்டப்பட்டவை. நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே நிலம் கையகப்படுத்தாமல் இருப்புப்பாதை அமைக்க இத்தேர்வு உதவியது. நிலையத்தின் உயரம், அளவு, நுழைவாயில்களின் இடம், சாலையுடன் அதற்குள்ள தொடர்பு ஆகிய அனைத்தையும் இத்தேர்வே தீர்மானித்தது. கால்வாய் அதற்கு ஒரு விலையும் கொடுத்தது. இக்காரணங்களால் இந்நிலையத்தின் வரலாறு, நகரப் போக்குவரத்துத் திட்டமிடலைப் படிப்போருக்குப் பயனுள்ள எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பெயர்

மயிலாப்பூரின் பழம்பெயர்களுள் ஒன்று திருமயிலை. சைவத் திருமுறைகளிலும் பிற பக்தி இலக்கியங்களிலும் மயிலை என்றே இவ்வூர் குறிக்கப்படுகிறது. நிலையம் அமைந்துள்ள இடம் அன்றாட வழக்கில் லஸ் எனப்படுகிறது. "லஸ்" என்பது ஒளி எனப் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல். இப்பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய பிரகாச மாதா ஆலயத்தின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது. நிலையம் திறக்கப்பட்ட காலத்தில் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் "லஸ் நிலையம்" என்ற பெயரும் வழங்கியது.

இத்தடத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் பெருந்திரள் துரிதப் போக்குவரத்து அமைப்பு என்பதாகும். ஆங்கில முதலெழுத்துகளால் எம்.ஆர்.டி.எஸ். என்றும் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. தூண்களின் மீது, வீடுகளின் மாடி உயரத்தில் தொடருந்து செல்வதால் சென்னை மக்கள் இட்ட "பறக்கும் ரயில்" என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பின்னணி

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரத் தொடருந்துகள் 1931ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றன. எழும்பூர், மாம்பலம், கிண்டி வழியாகச் செல்லும் அப்பாதை நகரின் மேற்குப் பக்கத்தின் வளர்ச்சிக்கு அடித்தளமாக அமைந்தது. ஆனால் கடலோரத்தை ஒட்டிய சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஆகிய பகுதிகளுக்கு இருப்புப்பாதை இல்லை. இப்பகுதிகளின் மக்கள் பேருந்துகளையே நம்பியிருந்தனர்.

இந்தியத் திட்டக்குழு 1960களின் நடுப்பகுதியில் மும்பை, கொல்கத்தா, சென்னை, தில்லி ஆகிய நான்கு பெருநகரங்களின் போக்குவரத்துத் தேவைகளை ஆராய ஏற்பாடு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இரயில்வேயின் பெருநகரப் போக்குவரத்துத் திட்ட அமைப்பு உருவாக்கப்பட்டது. நகரின் வட முனையிலுள்ள துறைமுகப் பகுதியைத் தென்கிழக்குப் பகுதிகளுடன் இணைக்கும் புதிய தடம் தேவை என்ற கருத்து இந்த ஆய்வுகளில் உருப்பெற்றது. திட்டத்துக்கு 1980களில் ஒப்புதல் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில்தான் கட்டுமானம் வேகம் பெற்றது.

கால்வாயின் வழியே ஒரு பாதை

புதிய தடம் அமைக்க மூன்று வழிகள் இருந்தன: தரை மட்டத்தில் அமைப்பது, நிலத்துக்கு அடியில் சுரங்கமாக அமைப்பது, தூண்களின் மீது உயர்த்தி அமைப்பது.

மயிலாப்பூர் போன்ற பழைய ஊர்ப்பகுதியில் தரை மட்டப் பாதை அமைப்பது இயலாத செயலாகும். குறுகிய தெருக்களையும் நூற்றுக்கணக்கான வீடுகளையும் அகற்ற வேண்டியிருக்கும். பாதை சாலைகளைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கடவு வாயில் தேவைப்படும். சுரங்கப் பாதை இத்தொல்லைகளைத் தவிர்க்கும். ஆனால் அதன் செலவு மிக அதிகம். கொல்கத்தாவில் 1972இல் அடிக்கல் நாட்டப்பட்ட சுரங்க இருப்புப்பாதையின் முதற்பகுதி 1984இல்தான் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்போது சுரங்கப் பாதை என்பது நீண்ட காலத்தையும் பெரும் பணத்தையும் கோரும் பணியாகவே இருந்தது.

மூன்றாவது வழிக்குத் தேவையான தொடர்ச்சியான நிலம் பக்கிங்காம் கால்வாயில் கிடைத்தது. கால்வாயின் முதற்பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதி தோண்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை, சுமார் 420 கி.மீ. நீளத்துக்கு உப்பு, விறகு, நெல் போன்றவை இவ்வழியே படகுகளில் சென்றன. இருப்புப்பாதைகளும் சாலைகளும் பெருகியதும் படகுப் போக்குவரத்து நலிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வாயின் நகரப் பகுதி கழிவுநீர் செல்லும் வாய்க்காலாக மாறிவிட்டது.

இக்கால்வாய் அரசுக்குச் சொந்தமானது. சேப்பாக்கம் தொடங்கி மயிலாப்பூர் வழியாக அடையாறு வரை, இருப்புப்பாதை தேவைப்பட்ட அதே பகுதிகளின் ஊடே செல்வது. ஆகவே கால்வாயிலும் அதன் கரைகளிலும் தூண்களை நிறுத்தி அவற்றின் மேல் பாதை அமைப்பதென முடிவு செய்யப்பட்டது. தனியார் நிலத்தைப் பெறுவதில் ஏற்படும் செலவும் வழக்குகளும் இதனால் பெருமளவு தவிர்க்கப்பட்டன.

கட்டுமானமும் திறப்பும்

முதற்கட்டம் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து திருமயிலை வரை சுமார் 9 கி.மீ. நீளமுடையது. வடபகுதியில் பாதை தரை மட்டத்தில் பிற புறநகர்ப் பாதைகளை ஒட்டிச் செல்கிறது. பூங்கா நகர்ப் பகுதிக்குப் பின்னர் மேலெழுந்து, கூவம் ஆற்றின் அருகே சிந்தாதிரிப்பேட்டையை அடைகிறது. அங்கிருந்து தெற்கே முழுவதும் உயர்த்தப்பட்ட பாதையே. இந்தியாவின் முதல் உயர்த்தப்பட்ட நகர இருப்புப்பாதையாக இது கருதப்படுகிறது. தில்லி மெட்ரோ இதற்குப் பின்னர், 2002இல்தான் இயங்கத் தொடங்கியது.

தடம் படிப்படியாகவே திறக்கப்பட்டது:

1995 நவம்பர் – சென்னை கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை
1997 அக்டோபர் – சேப்பாக்கம் முதல் திருமயிலை வரை
2004 சனவரி – திருமயிலை முதல் திருவான்மியூர் வரை
2007 நவம்பர் – திருவான்மியூர் முதல் வேளச்சேரி வரை

முதற்கட்டத்துக்குச் சுமார் 269 கோடி ரூபாயும், திருமயிலைக்குத் தெற்கேயுள்ள இரண்டாம் கட்டத்துக்குச் சுமார் 877 கோடி ரூபாயும் செலவாயின. முதற்கட்டச் செலவை இரயில்வே அமைச்சகம் ஏற்றது. இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஏற்றது.

1997 முதல் 2004 வரையிலான காலத்தில் திருமயிலை ஒரு முனையமாகவே இருந்தது. அடையாறு, திருவான்மியூர் செல்வோர் இங்கே இறங்கிப் பேருந்து மாற வேண்டியிருந்தது. ஒரு பயணத்தின் பாதி தொலைவை மட்டும் கடக்க மாடி ஏறி, தொடருந்துக்குக் காத்திருந்து, மீண்டும் இறங்குவதைவிட நேராகப் பேருந்தில் செல்வது பலருக்கு எளிதாக இருந்தது. தொடக்க ஆண்டுகளில் பறக்கும் ரயிலில் எதிர்பார்த்த அளவு கூட்டம் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தடத்தின் பயன் அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு நிலையமும் முன்பிருந்த எல்லா நிலையங்களுக்கும் புதிய பயணங்களைத் தருகிறது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின. தடம் திருவான்மியூரையும் தரமணியையும் அடைந்த பின்னரே மயிலாப்பூரில் ஏறுவோருக்குத் தெற்கு நோக்கியும் செல்ல இடம் கிடைத்தது.

திருமயிலைக்கு வடக்கே அடுத்த நிலையமாக முதலில் கலங்கரை விளக்கம் இருந்தது. இரண்டுக்கும் இடையே முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014இல் திறக்கப்பட்டது. தெற்கே அடுத்த நிலையம் மந்தைவெளி ஆகும்.

வடிவமைப்பு

உயரம்

உயர்த்தப்பட்ட நிலையத்தின் நடைமேடை எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. நகரச் சாலையின் மேல் செல்லும் பாலத்துக்குக் கீழே, உயரமான வாகனங்கள் செல்ல 5.5 மீட்டர் இடைவெளி விடுவது இந்திய நெறிமுறை. அதன் மேல் பாலத்தின் உத்திரமும் தளமும் வருகின்றன. அவற்றின் மேல் தண்டவாளமும், தண்டவாளத்திலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் நடைமேடையும் அமைகின்றன. இவற்றைக் கூட்டினால் நடைமேடை சாலையிலிருந்து ஏறத்தாழ மூன்று மாடி உயரத்துக்குப் போய்விடுகிறது.

நிலையங்களுக்கு மட்டும் பாதையைத் தாழ்த்தி, பின்னர் மீண்டும் உயர்த்தலாமே என்ற ஐயம் எழலாம். கனமான புறநகர்த் தொடருந்துகளுக்குச் சரிவு மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் 9 மீட்டர் ஏற, 900 மீட்டர் நீளம் தேவை. நிலையங்கள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் தடத்தில் இது இயலாது. எனவே ஒருமுறை மேலேறிய பாதை மேலேயே தொடர்கிறது. பயணிகளே ஏறி இறங்க வேண்டியுள்ளது.

தளங்கள்

இந்நிலையம் அடுக்குக் கட்டடமாக அமைந்துள்ளது. நில மட்டத்தில் நுழைவாயில்களும் வாகனம் நிறுத்துமிடமும் உள்ளன. பயணச்சீட்டு முகப்புகளும் நடைமேடைகளுக்குப் பிரிந்து செல்லும் கூடமும் நடைமேடைக்குக் கீழே அமைந்துள்ளன. மேல் தளத்தில் நடுவே இரு தண்டவாளங்களும் அவற்றின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரு நடைமேடைகளும் உள்ளன. இவ்வகை அமைப்பு பக்க நடைமேடை அமைப்பு எனப்படும்.

பக்க நடைமேடை அமைப்பில் இரு தண்டவாளங்களும் பாலத்தில் வருகின்ற அதே இடைவெளியில் நிலையத்துக்குள்ளும் நேராகச் செல்கின்றன. நடுவே ஒரே நடைமேடை வைத்தால் நிலையத்துக்கு முன்னும் பின்னும் தண்டவாளங்களை விலக்கி வளைக்க வேண்டும். அதற்கேற்பப் பாலமும் அகல வேண்டும். கால்வாயின் அகலத்துக்குள் நிற்கும் பாலத்துக்குப் பக்க நடைமேடையே எளிய தீர்வாகும். ஆனால் பயணி தவறான பக்கம் ஏறிவிட்டால் கூடத்துக்கு இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். படிக்கட்டு, மின்தூக்கி, நகரும் படிக்கட்டு ஆகியவற்றையும் இருபுறமும் தனித்தனியே அமைத்துப் பராமரிக்க வேண்டும்.

அளவு

நிலையத்தின் பெரிய உருவத்துக்குக் காரணம் அங்கே நிற்கும் தொடருந்துகளின் வகையாகும். பறக்கும் ரயிலில் ஓடுபவை சென்னையின் பிற புறநகர்த் தடங்களில் ஓடும் அதே வகை மின்தொடர்களே. 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில், மேல்நிலைக் கம்பி வழியாக 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தில் இவை இயங்குகின்றன. ஒரு பெட்டி 20 மீட்டருக்குச் சற்று மேலான நீளமுடையது. ஒன்பது பெட்டிகள் கொண்ட தொடர் சுமார் 190 மீட்டர் நீளமாகிறது. இதைவிட நீண்ட தொடர்களுக்கும் இடம்விட்டு நடைமேடைகள் அமைக்கப்பட்டன.

இதனால் ஒரு நன்மை உண்டு. ஏற்கெனவே உள்ள பணிமனைகளையும் பெட்டிகளையும் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. கடற்கரை நிலையத்தில் பிற தடங்களுடன் பாதை இணைந்தது. குறை என்னவெனில், கனமான தொடர்களைத் தாங்கப் பாலமும் தூண்களும் பருமனாக அமைய வேண்டியிருந்தது. பின்னாளில் கட்டப்பட்ட சென்னை மெட்ரோ 1,435 மில்லிமீட்டர் பாதையில் குறுகிய தொடர்களை அடிக்கடி இயக்கும் முறையைக் கொண்டது. எனவே அதன் உயர்த்தப்பட்ட நிலையங்கள் பறக்கும் ரயில் நிலையங்களைவிடச் சிறியவை. குறைந்த எண்ணிக்கையில் நீண்ட தொடர்கள், அதிக எண்ணிக்கையில் குறுகிய தொடர்கள் என்ற இவ்விரு முறைகளும் ஒரே எண்ணிக்கையிலான பயணிகளைக் கொண்டுசெல்லக் கூடும். ஆனால் முன்னதில் கட்டடம் பெரிதாகிறது; பயணி காத்திருக்கும் நேரமும் கூடுகிறது.

இணைப்புகள்

தடத்தின் பல நிலையங்கள் கால்வாயைப் பின்தொடர்வதால் முதன்மைச் சாலைகளிலிருந்தும் பேருந்து நிறுத்தங்களிலிருந்தும் விலகி நிற்கின்றன. கால்வாய் இயல்பாகவே ஊரின் பின்புறமாக இருந்தது. வீடுகளும் கடைகளும் அதற்கு முதுகைக் காட்டியே கட்டப்பட்டிருந்தன. நிலையங்கள் அப்பின்புறத்தில் எழுந்தன. வெளிச்சம் குறைந்த அணுகு சாலைகள், ஆளரவமற்ற பெரிய கூடங்கள், இயங்காத நகரும் படிக்கட்டுகள் ஆகியவை குறித்து, குறிப்பாகப் பெண் பயணிகளின் பாதுகாப்பு குறித்து, நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. இரண்டாம் கட்ட நிலையங்களில் வணிகப் பயன்பாட்டுக்கெனக் கட்டப்பட்ட பரந்த தளங்கள் நீண்ட காலம் வெறுமையாகவே கிடந்தன.

திருமயிலை இப்பொது நிலைக்குப் பெருமளவு விதிவிலக்காகும். இங்கே கால்வாய் மயிலாப்பூரின் கடைத்தெருவை வெட்டிச் செல்வதால் நிலையம் ஊரின் நடுவிலேயே அமைந்துவிட்டது. கபாலீசுவரர் கோயிலும் அதன் தெப்பக்குளமும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. பங்குனித் திருவிழாவில் தேரும் அறுபத்துமூவர் விழாவும் நடைபெறும் நாட்களில் மாட வீதிகளில் வாகனப் போக்குவரத்து தடைப்படும். சாலையைச் சாராத இந்நிலையம் அந்நாட்களில் பெரிதும் பயன்படுகிறது. ஒரே வடிவமைப்பு கொண்ட நிலையங்களில் சில நிறைந்தும் சில வெறிச்சோடியும் இருப்பதிலிருந்து, கட்டடத்தைவிட அதன் சுற்றுப்புறத் தொடர்பே பயன்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பதை அறியலாம்.

2023 ஆகத்து முதல் 2024 அக்டோபர் வரை, கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை அமைக்கும் பணிக்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பகுதியில் பறக்கும் ரயில் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் மயிலாப்பூர் பயணிகள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி வேறு வழியில் செல்ல நேர்ந்தது. ஒரு முனையில் இணைப்பு அறுந்தால் முழுத் தடமும் பயன் குறையும் என்பதை இது மீண்டும் காட்டியது.

கால்வாயின் மீதான விளைவுகள்

பக்கிங்காம் கால்வாயில் தூண்கள் நிறுத்தப்பட்டதைச் சூழலியலாளர்கள் தொடர்ந்து குறை கூறி வந்துள்ளனர். நீர்வழியில் நிற்கும் ஒவ்வொரு தூணும் நீர் செல்லும் குறுக்குவெட்டுப் பரப்பைக் குறைக்கிறது. தூணைச் சுற்றி வண்டலும் குப்பையும் தங்குகின்றன. மேலே தளம் மூடியுள்ள இடங்களில் இயந்திரங்களைக் கொண்டு தூர் வாருவதும் கடினமாகிறது. சென்னை மிகத் தட்டையான நிலப்பரப்பில் அமைந்த நகரம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இக்கால்வாய் இடைப்பட்ட பகுதிகளின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் வடிகாலும் ஆகும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பின்னர் நகரின் நீர்வழிகள் சுருங்கியது பற்றிய விவாதங்களில் இக்கால்வாயும் இடம்பெற்றது.

கால்வாய் முன்பே கழிவுநீரால் சீர்கெட்டிருந்தது என்பது திட்டத்துக்கு ஆதரவான வாதம். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கழிவுநீரைத் தடுத்தால் மீளக்கூடிய நீர்வழிக்கும், தூண்கள் நிலையாக ஊன்றப்பட்ட நீர்வழிக்கும் வேறுபாடு உண்டு. 2008இல் நடுவண் அரசு பக்கிங்காம் கால்வாயை உள்ளடக்கிய தேசிய நீர்வழி 4 என்பதை அறிவித்தது. தூண்கள் நிற்கும் மயிலாப்பூர் போன்ற நகரப் பகுதிகளில் படகுப் போக்குவரத்தை மீட்பது அதற்குள் மிகக் கடினமான செயலாகியிருந்தது. நிலத்துக்கு விலை கொடுக்காமல் பெற்ற பாதையின் உண்மைச் செலவில் இவ்விழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கால்வாயை விட்டு விலகும்போது என்ன நேரும் என்பதையும் இத்தடமே காட்டியது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கி.மீ. நீட்டிப்புப் பணி 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவுக்கான நிலம் தொடர்பான வழக்குகளால் அப்பணி பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தடைப்பட்டது.

மெட்ரோவும் திருமயிலையும்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் திருமயிலை, மாதவரம் – சிறுசேரி சிப்காட் தடமும் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி தடமும் சந்திக்கும் இடமாகத் தேர்வு செய்யப்பட்டது. இதற்கான நிலத்தடி நிலையத்தின் பணிகள் 2020களில் மேற்கொள்ளப்பட்டன. இரு தடங்களும் வெவ்வேறு ஆழத்தில் செல்வதால் இது சென்னை மெட்ரோவின் மிக ஆழமான நிலையங்களுள் ஒன்றாகத் திட்டமிடப்பட்டது. ஒரே இடத்தில் ஒரு தலைமுறை தூண்களின் மீதும், அடுத்த தலைமுறை நிலத்துக்கு அடியிலும் நிலையம் அமைத்தது குறிப்பிடத்தக்கது.

பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டம் நீண்ட காலம் பேசப்பட்டு, 2025இல் இரயில்வே வாரியத்தின் கொள்கையளவிலான ஒப்புதலைப் பெற்றது. நிருவாகம் மாறினாலும் இருப்புப்பாதையின் அகல வேறுபாடு காரணமாக மெட்ரோவின் தொடருந்துகள் இத்தடத்தில் ஓட இயலாது. பயணிகள் இறங்கியே மாற வேண்டும். மேலே உள்ள நடைமேடையிலிருந்து ஆழத்திலுள்ள நடைமேடைக்குச் செல்லும் வழி எவ்வளவு குறுகியதாகவும், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தக்கதாகவும் அமைகிறது என்பதைப் பொறுத்தே திருமயிலை உண்மையான சந்திப்பு நிலையமாக விளங்கும்.

இவற்றையும் பார்க்க

சென்னை புறநகர் இருப்புவழி
சென்னை மெட்ரோ
பக்கிங்காம் கால்வாய்
மயிலாப்பூர்